இரவு உறைந்ததா?

ஏப்ரலில் மணாலிப் பள்ளத்தாக்கு முழுக்க ஆப்பிள் மரங்கள் பூத்து நிற்கும். அதே நாளில், சோலாங்கைத் தாண்டி துந்திக்கு மேலே, பியாஸ் குண்ட் பக்கம் ஆளை மூழ்கடிக்கும் ஆழத்துக்குப் பனி கிடக்கும். ஸ்கீயில் மலை ஏறுகிறவர்களுக்கும், 5,289 மீட்டர் உயரமுள்ள ஃப்ரெண்ட்ஷிப் சிகரத்துக்குப் போகிறவர்களுக்கும் இதுதான் பருவம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் போன் செய்கிறவர்கள் முதலில் கேட்பது, "அண்ணா, அங்க வெயில் இருக்கா?" என்பதைத்தான். இருக்கிறது என்று சொன்னால் குரலிலேயே மகிழ்ச்சி தெரியும். நான் வெயிலை இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். முந்தின இரவில் மேகம் இருந்ததா, பனி உறைந்ததா, எவ்வளவு ஆழம் உறைந்தது என்பதே எனக்கு முதல் கேள்வி. வசந்த காலத்தில் ஒரு வழிகாட்டி எடுக்க வேண்டிய முடிவுகளில் பாதியை இரவே எடுத்து முடித்திருக்கும்.

பகலில் பனியின் மேற்பரப்பு இளகுகிறது. இளகிய நீர் பனிமணிகளுக்கு இடையே கசிந்து கீழே இறங்குகிறது. சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் பனி தன் வெப்பத்தை வானத்துக்கு விடத் தொடங்கும். கண்ணைக் கூசவைக்கும் அந்த வெள்ளைப் பரப்பு, வெப்பக் கதிர்களை வெளிவிடுவதில் ஏறக்குறைய முழுமையான கரும்பொருளாக நடந்துகொள்ளும். வானம் தெளிந்து, காற்றும் வறண்டிருந்தால், காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்கு இரண்டு மூன்று டிகிரி மேலே இருக்கும்போதே பனியின் மேல்தோல் பூஜ்யத்துக்குக் கீழே போய் ஓடாக இறுகிவிடும். மேகம் மூடியிருந்தால் அது அந்த வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். அப்போது நமக்குக் கை விறைக்கும், பனியோ இளகியபடியே கிடக்கும். போனில் தெரியும் வெப்பநிலையை மட்டும் பார்த்து "ராத்திரி நல்ல குளிர்தானே" என்று கிளம்புகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. பூஜ்யம் டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனியை நீராக்க 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பம் ஒரு கிலோ நீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கப் போதுமானது. நனைந்த பனி உறைய வேண்டுமானால் அத்தனை வெப்பமும் வெளியே போயாக வேண்டும். அதனால்தான் ஒரு கையகல ஆழம் உறைவதற்கே நீண்ட, தெளிந்த இரவு ஒன்று முழுசாகத் தேவைப்படுகிறது. நள்ளிரவில் வந்து இரண்டு மணி நேரம் நின்ற மேகம்கூட அந்தக் கணக்கில் பெரிய துண்டு விழச் செய்யும். நன்றாக உறைந்த ஓட்டை இளக்கக் காலைச் சூரியனும் அதே விலையைக் கொடுக்க வேண்டும். எங்களுக்குப் பாதுகாப்பாகக் கிடைக்கும் காலை நேரம் என்பது அந்த விலை கொடுத்து முடியும் வரைதான்.

நான் தேனிப் பக்கத்து ஆள். மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுப் பாதைகளில் நடந்து பழகிய கால்கள். மணாலியில் உள்ள மலையேற்ற நிறுவனத்துக்கு அடிப்படைப் பயிற்சிக்காக வந்தேன், அடுத்த நிலைப் பயிற்சியும் முடித்தேன், அப்படியே தங்கிவிட்டேன். பாறையில் ஏறுவதையும் கயிறு கட்டுவதையும் நிறுவனம் கற்றுத் தந்தது. பனியை எனக்குக் கற்றுத் தந்தவர் சோலாங்கைச் சேர்ந்த ஒரு மூத்த வழிகாட்டி. இங்கே பயிற்றுநரை உஸ்தாத் என்றுதான் அழைப்போம். அவருடைய பாடத்தில் பாதி இருட்டில் நடந்தது. கூடாரத்திலிருந்து ஒன்றரை மணிக்கு என்னை எழுப்பி வெளியே அனுப்புவார். "பேட்டா, போய் நட்சத்திரத்தைப் பார். அப்புறம் கையுறையைக் கழற்றிவிட்டுப் பனியைத் தொடு. வந்து எனக்குச் சொல்." ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எழுப்புவார். முதல் முறை சொன்னதற்கும் இரண்டாம் முறை சொன்னதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்பார். வேறுபாடு இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேட்பார்.

இமயத்தின் பனிக்காலத்தை மேற்கத்திய இடையூறுகள் என்னும் காற்றழுத்த அலைகள் கொண்டுவருகின்றன. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, ஈரானையும் ஆப்கானிஸ்தானையும் கடந்து வந்து மோதும் அந்த ஈரத்தில் பெரும் பங்கை முதலில் வாங்கிக்கொள்வது பீர் பஞ்சால் தொடர். மணாலி இருப்பது அதன் தெற்குப் பக்கத்தில். இங்கே பனி அதிகமாகவும் ஈரமாகவும் விழுகிறது, சீக்கிரம் கெட்டிப்படுகிறது. ரோதாங் கணவாயைத் தாண்டி லாஹௌலுக்குள் போனால் பனி குறைவு, குளிர் அதிகம். அந்தச் சேர்க்கைதான் அங்கே பிரச்சினை. மெல்லிய பனிப்படுகைக்குக் கீழே தரை பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், மேலே காற்று கடுங்குளிராக இருக்கும். ஒரு மீட்டர் ஆழத்துக்குப் பத்து டிகிரிக்கு மேல் வேறுபாடு நீடித்தால், அடியில் உள்ள பனிமணிகளிலிருந்து ஆவி மேலேறி, மணிகள் முகங்கள் வெட்டிய பெரிய படிகங்களாக மாறிவிடும். தோண்டிக் கையில் எடுத்தால் கல்சீனியைப் போல விரலிடுக்கில் உதிரும். ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது. அதன் மேல் அந்தக் குளிர்காலத்தின் பனி முழுவதும் உட்கார்ந்திருக்கும்.

பனிப்படுகை உலர்ந்திருக்கும் வரை அந்த அடி அடுக்கு எப்படியோ பாரத்தைத் தாங்கிக்கொண்டு கிடக்கலாம். வசந்தத்தில் மேலிருந்து முதல்முறையாக நீர் இறங்கி அங்கே போய்ச் சேருகிற நாட்கள்தான் வருடத்திலேயே மிக மோசமானவை என்று நான் நினைக்கிறேன். நீர் சீராக இறங்காது. நடுவில் ஒரு பழைய ஓடு இருந்தால் அதன் மேல் தேங்கிப் பக்கவாட்டில் பரவும். ஓர் இடத்தில் துளைத்துக்கொண்டு அடிவரை போகும், பத்தடி தள்ளி உலர்ந்தே இருக்கும். அதனால் ஓர் இடத்தில் குழி தோண்டிப் பார்த்துச் சரிவு முழுவதற்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது. கொஞ்சம் ஈரம் மணிகளை ஒட்டவைக்கும், உண்மைதான். ஆனால் பனியில் இருக்கும் நீரின் பங்கு நூற்றுக்கு ஏழு, எட்டைத் தாண்டினால் அந்த ஒட்டே கரைந்துபோகும். கையில் பிடித்து அமுக்கினால் நீர் சொட்டும் நிலை அது. அடி அடுக்கு அந்த நிலைக்கு வந்தால் சரிவு முழுவதும் ஒரே பலகையாகத் தரையோடு கழன்று வரும்.

இதைத் தாண்டிய பிறகு, மே மாத நடுவில், பனிப்படுகை முற்றிலும் வேறாகிவிடும். மேலிருந்து அடிவரை எங்கும் பூஜ்யம் டிகிரி. அடுக்குகளின் வேறுபாடு அழிந்து, நீர் தனக்கு வழிகளை வகுத்துக்கொண்டு ஒழுங்காக வடிந்துவிடும். பகலில் இளகி இரவில் உறைந்து, பல சுற்றுகள் போனபின் மணிகள் உருண்டு திரண்டு நிற்கும். நல்ல இரவுக்குப் பிந்தைய காலையில் அந்தப் பனியின் மேல் ஏறுவதைவிடப் பாதுகாப்பான பனி ஏற்றம் எனக்குத் தெரியாது. மேற்பரப்பில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மட்டும் இளகும் அந்த ஒரு மணி நேரத்தில் ஸ்கீயில் இறங்குவது பெரும் சுகம். இதற்காகவே குளிர்காலம் முழுக்கக் காத்திருப்பவர்கள் உண்டு. ஒரே சரிவு மார்ச் கடைசியில் ஆளைக் கொல்லும், மே நடுவில் தாங்கும். ஆனால் தேதியை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. ஒரு நீண்ட குளிர் அலை முதல் கட்டத்தை இரண்டு வாரம் தள்ளிப்போடும். மேலே 4,000 மீட்டரில் நிலைமை இன்னும் மார்ச்சாகவும், கீழே 3,000 மீட்டரில் ஏற்கெனவே மேயாகவும் இருக்கும்.

பியாஸ் குண்ட் பக்கம் போகும் ஒரு நாள் எங்களுக்கு எப்படி நகர்கிறது என்று சொல்கிறேன். பகர்தாச் புல்வெளியில் கூடாரம். சிகர நாளானால் அதற்கும் மேலே லேடி லெக் என்ற முகாம். நள்ளிரவு தாண்டிய ஒரு மணிக்கு எழுந்து பனியை மிதித்துப் பார்ப்போம். பூட்ஸின் குதிகாலை ஓங்கிக் குத்தினாலும் ஓடு உடையாமல் நின்றால் நல்லது. ஐஸ் ஆக்ஸின் காம்பைச் செருகி, எந்த ஆழத்தில் திடீரென்று தடை குறைகிறது என்று பார்ப்போம். ஓட்டின் தடிமன் அங்கே தெரிந்துவிடும். இரண்டு விரல் தடிமன் என்றால் எட்டு மணிக்கே உடையும். ஒரு சாண் என்றால் பத்தரை வரை நம்பலாம். இது என் கைக்கணக்கு. பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மாறும், என் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு யாரும் ஏற வேண்டாம்.

கிழக்கைப் பார்த்த சரிவுகளில் முதலில் வெயில் விழும். பிறகு தெற்கு, மதியத்துக்கு மேல் மேற்கு. வடக்கைப் பார்த்த சரிவு கடைசி வரை குளிர்ந்திருக்கும் என்று ஐரோப்பிய நூல்களில் படித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. ஆல்ப்ஸ் 46, 47 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. மணாலி 32-ல். ஏப்ரல் நடுவில் உச்சிவேளைச் சூரியன் அங்கே 53 டிகிரி உயரத்தில் நிற்கும்போது இங்கே 67, 68 டிகிரியில் நிற்கிறது. முப்பது டிகிரி சாய்ந்த வடக்குச் சரிவின் மேலும் அது போதுமான அளவு விழும். அத்துடன் நாங்கள் இருப்பது 3,500, 4,000 மீட்டர் உயரத்தில். காற்று மெல்லியது, கதிர் கடுமையானது. புதுப் பனி தன்மேல் விழும் ஒளியில் 80, 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பாலைத் தூசு படிந்த பழைய பனி பாதியைத்தான் அனுப்பும். ஏப்ரலில் மேற்கிலிருந்து தூசு வந்து, பனி மஞ்சள் பூத்த நாட்களில் நாங்கள் கிளம்பும் நேரத்தை இன்னும் முன்னால் தள்ளிவிடுவோம்.

ஏழு, ஏழரை ஆனதும் என் கண் மேலே உள்ள பாறைகளுக்குப் போகும். கறுத்த பாறை வெயிலை வாங்கிச் சூடாகி, தன்னைச் சுற்றியுள்ள பனியை முதலில் இளக்கும். பாறையடியிலிருந்து சின்னச் சின்ன உருண்டைகள் பிரிந்து, தடம் போட்டுக்கொண்டு உருளும். முதல் உருண்டை கோலிக்குண்டு அளவில் இருக்கும். அரை மணி கழித்து அதுவே பந்தளவில் சுற்றிக்கொண்டு வந்தால் நேரம் முடிந்தது என்று பொருள். பூட்ஸ் கணுக்கால் வரை இறங்குவது எச்சரிக்கை. முழங்கால் வரை இறங்கினால் நாம் அங்கே இருக்கவே கூடாது. ஈரமான உதிரிப் பனிச்சரிவு ஒரு புள்ளியில் தொடங்கி, கீழே வர வர விரிந்து, வழியில் உள்ளதையெல்லாம் சேர்த்துக்கொள்ளும். உலர் பனிச்சரிவைவிட மெதுவாகத்தான் வரும். அந்த மெதுவைப் பார்த்து விலகிவிடலாம் என்று தோன்றும். ஒரு கன மீட்டர் அரை டன் எடை. காலைப் பிடித்தால் விடாது. கீழே ஒரு நாலா, அதாவது ஓடை வெட்டிய பள்ளம், இருந்தால் சிறிய சரிவுகூட ஆளை அதற்குள் தள்ளி ஆழமாக மூடிவிடும்.

சிகரத்துக்கு ஒன்றரை மணி நேரத் தொலைவில் ஒருமுறை குழுவைத் திருப்பினேன். இரவு இரண்டு மணிக்கு வந்த மெல்லிய மேகம் விடியும்வரை விலகவில்லை. ஓடு மூன்று விரல்கூட இல்லை. ஏறும்போதே எல்லாரிடமும் சொல்லியிருந்தேன், எட்டு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவோம் என்று. எட்டு மணிக்கு மேகம் கலைந்து வானம் நீலமாகிவிட்டது. சிகரம் மிக அருகில் தெரிந்தது.

"அண்ணா, இன்னும் ஒன்றரை மணி நேரம்தான். இப்பதான் வெயிலே வருது," என்றார் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு தம்பி. நல்ல உடல்பலம் உள்ளவர். ஒரு வருடமாகப் பணம் சேர்த்து வந்தவர்.

"ஏறிடலாம் தம்பி. இறங்கும்போது இதே கிழக்குச் சரிவுல பதினொரு மணிக்கு இருப்போம். அப்ப இது என்னவா இருக்கும்னு பாருங்க," என்று சரிவின் மேலே இருந்த பாறைத் தொடரைக் காட்டினேன்.

"நேத்து வேற குழு போய்ட்டு வந்தாங்களே?"

"நேத்து ராத்திரி முழுக்க நட்சத்திரம் இருந்துச்சு."

திரும்பினோம். அவர் வழி முழுக்கப் பேசவில்லை. மதியம் முகாமில் உட்கார்ந்து அந்தச் சரிவை இருவரும் பார்த்தோம். அது அன்று விழவில்லை. மறுநாளும் விழவில்லை. அதனால் என் முடிவு தவறாகிவிடவில்லை என்பதை அவருக்கு விளக்குவது திருப்பி அழைத்து வந்ததைவிடக் கடினமாக இருந்தது. விழாத சரிவு நமக்கு எதையும் நிரூபிப்பதில்லை. தவறான நேரத்தில் அதன் மேல் நடந்து, ஒன்றும் ஆகாமல் திரும்புகிறவர் தன் கணிப்பு சரி என்று கற்றுக்கொள்கிறார். அந்தப் பாடம் அடுத்த வருடம் இன்னும் அரை மணி தாமதமாக அவரைத் திரும்பவைக்கும். மற்ற கைத்தொழில்களில் பிழை செய்தால் பொருள் உடனே காட்டிக்கொடுத்துவிடும். மலை அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. ஆகவே திரும்பும் நேரத்தை மேலே போய் முடிவு செய்யக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கீழே, தேநீர் குடிக்கும்போது, எல்லார் முன்னாலும் அதைச் சொல்லிவிட வேண்டும்.

சிகரம் ஏறுகிறவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இந்தத் தொழிலின் பெரிய கவலையை மறைத்ததாகிவிடும். நம் இமயத்தில் பனிச்சரிவில் சாகிறவர்களில் ஏராளமானோர் எந்தச் சரிவிலும் ஏறாதவர்கள். சமதரையில் நின்றவர்கள், தூங்கியவர்கள். 2021 ஏப்ரல் 23 அன்று உத்தராகண்டின் நீத்தி பள்ளத்தாக்கில், சும்னா அருகே சாலைத் தொழிலாளர் முகாம் மீது சரிவு விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில், காங்டாக்கிலிருந்து நாதூ லா போகும் ஜவாஹர்லால் நேரு சாலையில், பனியில் இறங்கி விளையாடிக்கொண்டிருந்த சுற்றுலாப் பயணிகள் மேல் விழுந்ததில் ஏழு பேர். 2025 பிப்ரவரி 28 விடியற்காலையில், கடும் பனிப்பொழிவுக்கு நடுவே, பத்ரிநாத்துக்கு மேலே மாணா அருகில் எல்லைச் சாலை அமைப்பின் பணியாளர்கள் 54 பேர் சிக்கினார்கள். 46 பேர் மீட்கப்பட்டார்கள், எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்கள் தங்கியிருந்த இரும்புக் கன்டெய்னர்கள் உள்ளே கொஞ்சம் காற்றிடத்தை விட்டுவைத்ததால்தான் அத்தனை பேர் பிழைத்தார்கள். தமிழ்நாட்டில் பனிச்சரிவு என்றதும் பலருக்கு நினைவு வருவது 2016 பிப்ரவரி 3, சியாச்சின். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர். அவர்களில் நான்கு பேர் நம் ஊர்க்காரர்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் என் வேலையைப் பற்றிக் கேட்கும் விதமே மாறிவிட்டது.

முப்பதிலிருந்து நாற்பத்தைந்து டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் பெரும்பாலான பனிச்சரிவுகள் தொடங்குகின்றன. முடிவது வேறு இடத்தில். மலையேறுகிறவர் தன் காலுக்குக் கீழே உள்ள சாய்வைப் பார்க்கிறார். கூடாரம் போடுகிறவர் தரை சமமா, நீர் கிட்டுமா என்று பார்க்கிறார். இரண்டு பேருமே அண்ணாந்து பார்ப்பதில்லை. துந்தியிலிருந்து மேலே போகும் வழி பெரும்பாலும் மெல்லிய ஏற்றம்தான், ஆனால் இருபுறமும் பக்கச் சரிவுகள் வந்து முடிவது அந்த வழியில்தான். காட்டுக்கு நடுவே மரமே இல்லாத நேர்க்கோடு மேலிருந்து கீழே ஓடினால் அது பனிச்சரிவு வந்த பாதை. பூர்ஜ மரங்கள் எல்லாம் ஒரே திசையில் வளைந்து படுத்திருந்தால் ஒவ்வோர் ஆண்டும் அவற்றின் மேல் பனி போகிறது. தேவதாருக்களின் மேல்நோக்கிய பக்கத்தில் மட்டும் கிளைகள் ஒடிந்திருந்தால், எவ்வளவு உயரம் வரை ஒடிந்திருக்கின்றன என்று பார்த்தால் போதும், கடைசியாக வந்த சரிவின் உயரம் தெரியும். பனிக்காலத்தில் இது கண்ணுக்கு எளிதில் படாது. அதனால் புதிதாக வேலைக்கு வரும் பையன்களைச் செப்டம்பரில், பனியே இல்லாதபோது, இதே வழியில் கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

லாஹௌல் மக்களுக்கு இந்த அறிவு பிழைப்பாகவே இருந்தது. அடல் சுரங்கம் 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்படும் வரை, குளிர்காலத்தில் அவர்களுக்கும் குல்லு பக்கத்துக்கும் நடுவே 3,978 மீட்டர் உயர ரோதாங் நின்றது. மார்ச், ஏப்ரலில் சாலை திறக்கும் முன்பே நடந்து கடப்பார்கள். கோக்சரில் தங்கி, இருட்டிலேயே கிளம்பி, ஓடு இறுகியிருக்கும்போதே கணவாயைத் தாண்டி, பனி இளகுவதற்குள் மறுபக்கம் மடி வரை இறங்கிவிடுவார்கள். கோக்சரிலும் மடியிலும் அரசின் மீட்பு முகாம்கள் இருந்தன. வானம் பார்த்து, இன்று போகலாம், இன்று வேண்டாம் என்று அங்கே சொல்வார்கள். அப்படிக் கடந்த ஒரு பெரியவரோடு கேலாங்கில் பேசிக்கொண்டிருந்தேன். மேகம் மூடிய இரவுகளில் கோக்சரில் மூன்று, நான்கு நாள் காத்திருந்ததாகச் சொன்னார். கையில் நோயாளி இருந்தாலும் காத்திருந்தார்களாம். 1979 மார்ச்சில் லாஹௌலில் அடுத்தடுத்து விழுந்த சரிவுகளில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வருடத்தை அனுபவித்த தலைமுறை சரிவுப் பாதையில் வீடு கட்டாது.

9.02 கிலோமீட்டர் சுரங்கம் அவர்களுடைய வாழ்க்கையை மாற்றியது. பிரசவத்துக்கும் மருத்துவமனைக்கும் இனிக் காத்திருக்க வேண்டாம், அதைவிடப் பெரிய நன்மை வேறில்லை. ஆனால் அதே சுரங்கம் வழியாக மார்ச் மாத மதியங்களில் நூற்றுக்கணக்கான கார்கள் சிஸ்ஸு பக்கம் வந்து நிற்கின்றன. குடும்பங்கள் இறங்கிச் சரிவடியில் பனி எறிந்து விளையாடுகின்றன. மதியம் இரண்டு மணி, தெளிந்த வெயில், தெற்கைப் பார்த்த சரிவு. நான் வண்டியை நிறுத்திக் குழந்தைகளோடு இருப்பவர்களிடம் போய்ப் பேசுவேன். சிலர் கேட்பார்கள், சிலர் நான் யார் என்று கேட்பார்கள். இரண்டுமே நடக்கும். பேசாமல் போக எனக்கு மனம் வருவதில்லை.

ஏப்ரலில் திடீரென்று வரும் புதுப் பனிப்பொழிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெட்டியான பழைய ஓட்டின் மேல் ஒரே இரவில் ஓர் அடி புதுப் பனி. மறுநாள் காலை மேகம் கலைந்து ஏப்ரல் வெயில் அடிக்கும். காலண்டரின்படி வசந்தம், பனியின்படி ஜனவரி, வெயிலின்படி மே. அன்று மதியத்துக்குள் அந்தப் புதுப் பனி முழுவதும் ஓட்டின் மேல் வழுக்கி இறங்கிவிடும். முகட்டு விளிம்பில் காற்று கட்டி வைத்த பனித் திண்ணைகளும் இத்தகைய நாட்களில்தான் ஒடிந்து விழும். விழும் திண்ணை கீழே உள்ள சரிவையும் கிளப்பிவிடும். பனிப்பொழிவுக்குப் பின் வரும் முதல் வெயில் நாளில் நான் யாரையும் மேலே அழைத்துப் போவதில்லை. அன்று முகாமில் மீட்புப் பயிற்சிதான்.

பயிற்சியை எல்லாரும் செய்தாக வேண்டும். புதைந்தவரைக் கண்டுபிடிக்க உடலோடு கட்டிய டிரான்ஸீவர், மடித்து விரிக்கும் புரோப் கம்பி, உலோக ஷவல் மூன்றும் இல்லாதவர் என் குழுவில் வர முடியாது. டிரான்ஸீவர்கள் எல்லாம் 457 கிலோஹெர்ட்ஸில் இயங்குகின்றன, எந்தக் கம்பெனிக் கருவியும் மற்றதைக் கண்டுபிடிக்கும். சுவிட்சர்லாந்தின் பழைய கணக்குப்படி, பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைத்தார்கள், முப்பத்தைந்து நிமிடத்தில் அது மூன்றில் ஒருவராகக் குறைந்தது. அண்மை ஆய்வு அந்த முதல் அவகாசத்தையும் பத்து நிமிடமாகச் சுருக்கிவிட்டது. ஹெலிகாப்டர் வரும், ராணுவம் வரும் என்று நம்புகிறவர்களிடம் இந்த எண்ணைத்தான் சொல்வேன். காப்பாற்றப்போவது பக்கத்தில் நிற்கும் நண்பர். ஈரப் பனி நின்ற கணத்தில் இறுகிவிடும். கையால் ஒரு பிடிகூட அள்ள முடியாது. பிளாஸ்டிக் ஷவல் முதல் குத்திலேயே ஒடியும். அதைப் பயிற்சியில் பழைய சரிவுக் குவியல் ஒன்றில் தோண்டவைத்துக் காட்டினால் போதும், பிறகு யாரும் எடையைக் குறைக்க ஷவலை முகாமில் விட்டுவரச் சம்மதம் கேட்பதில்லை.

இந்தியாவில் பனிச்சரிவு ஆய்வு 1969-ல் மணாலியில்தான் அமைப்பாகத் தொடங்கியது. பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிலையம் என்ற அந்தப் பாதுகாப்புத் துறை நிறுவனம் 2020-ல் வேறொரு ஆய்வகத்துடன் இணைக்கப்பட்டு, பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆய்வு நிறுவனமாகியிருக்கிறது. அவர்களுடைய எச்சரிக்கைகள் மாவட்டவாரியாக, இத்தனை மீட்டருக்கு மேல் என்று வருகின்றன. அவற்றை மதிக்கிறேன், தினமும் பார்க்கிறேன். அவை முதலாவதாக எல்லையில் நிற்கும் வீரர்களுக்கும் சாலைகளுக்கும் ஆனவை. துந்திக்கு மேலே கிழக்குச் சரிவில் நேற்றிரவு எத்தனை சென்டிமீட்டர் உறைந்தது என்று அவை சொல்லாது, சொல்லவும் முடியாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் அங்கே தூங்கி எழுந்த வழிகாட்டிகள் மட்டும்தான்.

ஆனால் வழிகாட்டிகளுக்குள் போட்டி இருந்தது. ஒருவர் பார்த்ததை மற்றவரிடம் சொல்ல மாட்டார். தன் வாடிக்கையாளர் பயந்து ரத்து செய்துவிடுவார் என்ற அச்சம். உஸ்தாத் இருந்தவரை அவர் கேட்டால் எல்லாரும் சொல்வார்கள். அவருக்கு மூட்டு வலி வந்து மலைக்குப் போவதை நிறுத்திய பிறகு அதுவும் நின்றுபோனது. சோலாங், புருவா, பல்சான் ஊர்களின் இளைஞர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஒரு பொதுக் குறிப்பேட்டைத் தொடங்கினோம். எழுதுவது குறைவு, வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகப் போடுவதுதான் அதிகம். இரவு எத்தனை மணிவரை மேகம், காலை ஐந்து மணிக்கு ஓட்டின் தடிமன், கணுக்கால் இறங்கத் தொடங்கிய நேரம், எந்தத் திசைச் சரிவில் என்ன விழுந்தது. உயரம் கட்டாயம் சொல்ல வேண்டும். "மேலே பரவாயில்லை" என்று மட்டும் போட்டால் ஏற்றுக்கொள்ள மாட்டோம்.

ஓட்டை எதால் அளப்பது என்பதில் பெரிய வாக்குவாதம் நடந்தது. விரலால் அளந்தால் ஆளுக்கு ஆள் மாறும் என்று பல்சான் பையன் ஒருவன் சொன்னான். இப்போது எல்லார் ஐஸ் ஆக்ஸ் காம்பிலும் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. போன வருடம் இன்னொன்றையும் ஒப்புக்கொண்டோம். அடுத்தடுத்து இரண்டு இரவுகள் 4,000 மீட்டருக்குக் கீழே உறையவில்லை என்று மூன்று பேர் பதிந்தால், மூன்றாம் நாள் யாருடைய குழுவும் அந்தக் கிழக்குச் சரிவுகளின் அடியில் போகாது. வாடிக்கையாளர் பணத்தைத் திருப்பிக் கேட்டால் பாதியைக் கொடுப்பது என்றும் முடிவானது. அந்தப் பாதி எவ்வளவு, குதிரைக்காரரின் கூலி அதில் சேருமா என்பதில் இன்னும் உடன்பாடு வரவில்லை. இந்த வருடப் பருவம் தொடங்குவதற்குள் பேசி முடித்துவிட வேண்டும்.